பதினான்காம் விதி, உ பிரிவு

டன்மோர் கல்லூரியில் ஆர்வில் ஸ்டிக்னிக்கு மூன்று இருக்கைகள் இருந்தன. ஃபுட்பால் கோச் என்ற முறையில் மைதான ஓரத்தில் ஒரு பெஞ்சு. விளையாட்டுத் துறை இயக்குநர் என்ற முறையில் கொதிகலன் அறையை ஒட்டி ஒரு மேஜை, நாற்காலி. ஐந்து கல்லூரிச் சங்கத்தின் விதிக்குழுச் செயலாளர் என்ற முறையில், வருடத்தில் ஒரே ஒரு நாள், ஓட்டல் சாப்பாட்டு அறையில் சுவரோரமாக ஓர் இடம். மூன்றிலும் ஸ்டிக்னி மாறி மாறி உட்கார்ந்தார். கோச் கேட்டதை இயக்குநர் மறுப்பதும், இயக்குநர் மறந்ததைச் செயலாளர் கண்டிப்பதும் வழக்கம். மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை நின்றுபோன வாரங்கள் உண்டு என்று மாணவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கோச்சுக்குக் குரல்தான் சொத்து. பயிற்சி நேரத்தில் அவர் "ஓடு!" என்று கத்தினால் மைதானத்தில் பதினொரு பேர் ஓடுவார்கள், பக்கத்துத் தெருவில் பால் வண்டிக் குதிரையும் ஓடும். அப்படிப்பட்ட குரலை ஆட்டத்தின்போது வெளியே எடுக்க முடியாமல் செய்தவர் வேறு யாருமல்ல, செயலாளர் ஸ்டிக்னிதான்.

காரணம் டூகன். கிரின்டேல் கல்லூரியின் கோச். குட்டையான ஆள், சிவந்த முகம், எந்நேரமும் யாரோ ரகசியமாகக் கிச்சுகிச்சு மூட்டுவது போன்ற ஒரு சிரிப்பு. ஸ்டிக்னி வேலைக்கு வந்த 1904ஆம் வருடம், டூகன் ஓரத்தில் நின்றுகொண்டு தன் ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு அடியையும் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தார். கிரின்டேல் ஜெயித்தது. கோபத்தோடு ஓட்டலுக்குப் போன ஸ்டிக்னி பதினான்காம் விதியை எழுதினார்: ஆட்டம் நடக்கும்போது கோச் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அணிக்குப் பதினைந்து கஜம் பின்னடைவு, கோச்சுக்கு வேலிக்கு வெளியே இடம். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் மற்ற கல்லூரிகளில் மூன்று பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். டூகன் மட்டும் முழுதாகப் படித்துவிட்டு, "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு ஸ்டிக்னி" என்றார்.

அடுத்த வருடம் டூகன் இருமினார். ஒரு இருமல் என்றால் இடப்பக்கம், இரண்டு என்றால் வலப்பக்கம். ஆ பிரிவு பிறந்தது: கோச் இருமக் கூடாது. அந்த நவம்பரில் ஸ்டிக்னிக்கு நிஜமாகவே சளி பிடித்து, இரண்டு மணி நேரம் இருமலை விழுங்கி, கண் பிதுங்கி, கடைசியில் பெஞ்சிலிருந்து சாய்ந்தே விழுந்தார். விழுவது சைகையா என்று நடுவர்கள் பத்து நிமிடம் விவாதித்தார்கள். 1906இல் டூகன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் போட்டார். இ பிரிவு: கோச்சுகள் வெறுந்தலையோடு வர வேண்டும். டூகனுக்குக் காடு மாதிரி முடி, ஸ்டிக்னிக்கு வழுக்கை, அயோவாவில் நவம்பர் மாதக் காற்று விதிப் புத்தகம் படிப்பதில்லை. 1907இல் டூகனின் மனைவி வெயிலே இல்லாத நாளில் மூன்று நிறத்தில் மூன்று குடை கொண்டுவந்தார். ஈ பிரிவு, குடும்பத்தாரையும் குடையையும் கட்டுப்படுத்தியது.

1908இல் டூகன் எதுவுமே செய்யவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கிரின்டேல் இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

"யோவ், இந்தத் தடவை என்னதான்யா சைகை?" என்று ஆட்டம் முடிந்ததும் ஸ்டிக்னி கேட்டேவிட்டார்.

"ஒண்ணுமே இல்ல, சத்தியமா" என்றார் டூகன். "ஆனா உன் பசங்க பதினொரு பேரும் பந்தைப் பார்க்காம என்னையே பார்த்துட்டு இருந்தாங்க."

ஸ்டிக்னி நேராக ஓட்டலுக்குப் போய் உ பிரிவை எழுதினார். கோச் எவ்விதமாகவேனும் சொல்லி, அவர் சொன்னபடி ஆடி எடுத்த புள்ளி செல்லாது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்று பேனாவை மூடிவைத்தார். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட கிரின்டேலை அவர் ஜெயித்ததில்லை. ஆனால் விதிப் புத்தகம் மட்டும் ஐந்து பக்கம் கொழுத்திருந்தது.

அடுத்த அக்டோபரில் கல்லூரித் தலைவர் டாக்டர் ட்வாம்ப்ளி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தர்க்கமும் அறவியலும் கற்பிப்பவர், மெலிந்தவர், குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தத் தேவையும் இல்லை, ஏனென்றால் சம்பளம் போடுபவர் அவர்தான்.

"இந்த சீசன்ல இதுவரைக்கும் எத்தனை எலும்பு, மிஸ்டர் ஸ்டிக்னி?"

"மூணு காரை எலும்பு, ஒரு மூக்குங்க."

"போன வருஷம்?"

"அஞ்சுங்க. நல்லா குறைஞ்சிருக்கு."

"நடைப்பயிற்சிக் கழகத்துல ஒண்ணுகூட இல்ல."

"அதுல எதிராளியே கிடையாதுங்களே."

"அதுதான் அதோட அழகு." டாக்டர் ட்வாம்ப்ளி கண்ணாடியைத் துடைத்தார். "ஃபுட்பாலை நிறுத்திடலாம்னு அறங்காவலர்கள் நினைக்கிறாங்க. நான் நியாயமான ஆள். நன்றித் திருநாள் ஆட்டத்துல கிரின்டேலை ஜெயிங்க. ஃபுட்பாலும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. இல்லேன்னா ரெண்டும் இருக்காது."

"சமமா முடிஞ்சா?"

"சமம்னா ஜெயிச்சதுன்னு அர்த்தமா?"

"இல்லீங்க."

"அப்ப நடைதான்."

ஃபுட்பால் போனால் ஸ்டிக்னிக்குப் போக ஓர் இடம் இருந்தது. அதுதான் பயமே. மனைவி கோராவின் அப்பா நெப்ராஸ்காவில் பன்றித் தீவனக் கடை வைத்திருந்தார். வருடம் தவறாமல் மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் வாழ்த்து ஒரு வரி, "தீவனம் நிறுக்க ஆள் இன்னும் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி. ஸ்டிக்னி கனவில் பன்றிகள் வரும். எல்லாம் டூகனைப் போலவே சிரிக்கும்.

நவம்பர் கடைசி வியாழனில் நன்றித் திருநாள் வந்தது. விடியற்காலை பெய்த மழையில் மைதானம் கூழாகிக் கிடந்தது. ஊர் முழுவதும் வான்கோழியை அடுப்பில் விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றது. ஸ்டிக்னி தொப்பியில்லாமல், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டு, வாயை இறுக மூடிப் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்ப் பெஞ்சில் டூகன் அதே மாதிரி உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பதைத் தடுக்கும் பிரிவு விதியில் இல்லை என்பது அப்போதுதான் ஸ்டிக்னிக்கு உறைத்தது.

முதல் பாதியில் கிரின்டேல் ஆள் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான். டச்டவுன், ஐந்து புள்ளி. அதற்குப் பின்னால் ஒரு புள்ளிக்காக உதைத்த கூடுதல் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் கிரின்டேலின் இன்னொருவன், கண்ணில் சேறு அப்பிய நிலையில், திசை தெரியாமல் தன் சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டான். அதில் டன்மோருக்கு இரண்டு. ஐந்துக்கு இரண்டு என்று பலகை காட்டியது. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. டன்மோர் தள்ளித் தள்ளி, உருண்டு புரண்டு, எதிராளியின் கோட்டுக்கு இருபது கஜம் வரை வந்தபோது கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அணித் தலைவன் பெர்ட் ஹோல்கம் இரண்டடி பின்னால் போய், பந்தைச் சட்டையில் துடைத்து, வலது பூட்ஸின் முனையை இடது காலின் பின்பக்கம் தேய்த்தான். கோல் உதைக்கப் போகிறான் என்று அர்த்தம். பந்தைத் தரையில் போட்டு, எழும்பும்போது உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலே அனுப்ப வேண்டும். நேர் எதிரே, இருபது கஜம். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் போய்விடும்.

ஸ்டிக்னியின் மனம் துள்ளியது. நாலு புள்ளி! இரண்டும் நாலும் ஆறு! ஆறு, ஐந்து! பன்றிகள் ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தன.

கடைசிப் பன்றி திரும்பிப் பார்த்தது.

கோல் உதைக்கு இந்த வருடத்திலிருந்து நாலு புள்ளி இல்லை. மூன்று. தேசிய விதிப் புத்தகம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஸ்டிக்னி தன் கையால் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார். பையன்களிடம் சொன்னோமா? செப்டம்பரில் வகுப்பு எடுத்தது ஞாபகம் வந்தது. பதினான்காம் விதியை அ பிரிவிலிருந்து ஆரம்பித்து, அதன் வரலாறு, நோக்கம், டூகனின் குணநலன்கள் என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். உ பிரிவு முடிவதற்குள் பையன்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். புள்ளி மாற்றம் அடுத்த வகுப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த அடுத்த வகுப்பு நடக்கவே இல்லை. இந்த சீசனில் பெர்ட் தூரத்திலிருந்து உதைத்த எதுவும் கம்பத்துக்கு மேலே போகாததால், அதன் மதிப்பு என்னவென்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மூன்று போட்டால் ஐந்துக்கு ஐந்து. சமம். நடை.

வாயைத் திறந்தால் பதினைந்து கஜம் பின்னடைவு. ஸ்டிக்னி கணக்குப் போட்டார். இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து. முப்பத்தைந்து கஜத்திலிருந்து, இந்தச் சேற்றில், இந்தக் காற்றில், புத்தி சரியாக இருக்கிற எவனும் உதைக்க மாட்டான். ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டத்தான் பார்ப்பான். ஐந்து வருடமாகத் தான் எழுதிய விதிகளில் ஒன்று முதல்முறையாகத் தனக்கு உதவப்போகிறது என்ற பூரிப்பில் அவர் எழுந்து நின்றார்.

"பெர்ட்! உதைக்காதே!"

கொஞ்சம் தள்ளி மேப்பிள் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. நடுவர் பிங்க்லி, பக்கத்து ஊர்ப் பல் மருத்துவர், விசிலை வாயில் வைத்தபடியே ஸ்டிக்னியை ஒரு கணம் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பதினைந்து கஜத்தை எட்டி எட்டி அளந்தார். பிறகு வேலியைச் சுட்டிக்காட்டினார். எதிர்ப் பெஞ்சில் டூகன் இரண்டு கைகளையும் தூக்கிக் கைதட்டினார்.

ஸ்டிக்னி தலை நிமிர்ந்து வேலியைத் தாண்டினார். ஊர்க்காரர்களின் முதுகுகள் சுவராக நின்றன, ஒன்றும் தெரியவில்லை. நான்கடி நடந்திருப்பார். அப்படியே நின்றுவிட்டார்.

உ பிரிவு.

சொன்னபடி ஆடி எடுத்த புள்ளி செல்லாது. பையன்கள் தன் பேச்சைக் கேட்டு, உதைக்காமல், ஓடிப்போய் டச்டவுன் போட்டால் அது செல்லாது. பேச்சைக் கேட்காமல் உதைத்தால், கம்பத்துக்கு மேலே போனாலும் சமம்தான், போகாவிட்டால் தோல்விதான். கேட்டாலும் போச்சு, கேட்காவிட்டாலும் போச்சு. இவ்வளவு கச்சிதமாக ஒரு மனிதனை எந்தப் பக்கமும் அசையவிடாமல் கட்டிப்போட வேறு யாராலும் முடியாது. வாக்கியம் வாக்கியமாகத் தானே எழுதியது. ஒரு ஓரத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே பிங்க்லியின் விசில். பிறகு பந்தைப் பூட்ஸ் தொட்ட சத்தம், ஈர மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. பிறகு ஊரே "அடச்சே" என்றது. ஸ்டிக்னி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி ஊரே வேறு மாதிரி கத்த ஆரம்பித்தது. தொப்பிகள் பறந்தன. ஒரு தொப்பி வேலியைத் தாண்டி வந்து அவர் வழுக்கை மேல் உட்கார்ந்தது.

நடந்தது இதுதான். பெர்ட் உதைத்தான். பந்து நனைந்த கோழி மாதிரி சிரமப்பட்டு எழும்பி, கம்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே, கோட்டுக்கு ஐந்து கஜத்தில் பொத்தென்று விழுந்தது. கிரின்டேல் ஆட்கள், கோல் போகவில்லை, ஜெயித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். உதைத்த பந்து தரையைத் தொட்டுவிட்டால் எடுத்தவனுக்குச் சொந்தம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் மறந்துவிட்டது. டன்மோரின் ஓலி டாலெஃப்சன் மறக்கவில்லை. ஓலிக்கு எதையும் மறக்க நேரம் ஆகும். அவன் பாட்டுக்கு ஓடி, பந்தைப் பொறுக்கி, குதிப்பவர்களுக்கு நடுவே "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டான். டச்டவுன். கூடுதல் உதை சேற்றிலேயே உருண்டு நின்றது. ஏழு, ஐந்து.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது: தன்னையே பலியாக்கிப் பதினைந்து கஜம் பின்வாங்கி, எதிரியை ஏமாற்றி, வேண்டுமென்றே குட்டையாக உதைக்கச் செய்த ஸ்டிக்னியின் மேதைமை. கசாப்புக் கடைக்காரர் இரண்டு முழம் சாசேஜ் அனுப்பி வைத்தார். முடிதிருத்துபவர் இனி இலவசம் என்றார். அதில் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் ஸ்டிக்னியின் முதுகில் தட்டினார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை; சற்றே தலையைச் சாய்த்துப் புன்னகைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"நிஜமாவே குட்டையா உதைக்கத்தான் சொன்னீங்களா?" என்று கோரா சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பேப்பர்ல போட்டிருக்கே."

"நான் பேப்பரைக் கேட்கல, ஆர்வில்."

"ஒரு பக்கம் கருகுது பாரு."

சனிக்கிழமை தபாலில் டூகனின் புகார் வந்தது. விதி பதினான்கு, உ பிரிவின்படி, கோச் சொல்லி ஆடிய ஆட்டம், டச்டவுன் செல்லாது, ஆதாரம், உங்கள் ஊர்ப் பத்திரிகை. புகாரை விசாரிக்க வேண்டியவர் சங்கச் செயலாளர். செயலாளர் ஸ்டிக்னி, கோச் ஸ்டிக்னியை விசாரிப்பது முறையல்ல என்று தந்தி அடித்தார். வேறு யாரை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டதற்கு டூகனும் தந்தியில் பதில் கொடுத்தார்: ட்வாம்ப்ளி போதும். அவருக்கு ஃபுட்பாலே பிடிக்காது. அவரைவிட நடுநிலையான ஆள் யார்.

திங்கள் காலை பத்து மணிக்குத் தலைவரின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மேஜைக்குப் பின்னால் டாக்டர் ட்வாம்ப்ளி, இந்தப் பக்கம் ஸ்டிக்னியும் டூகனும், நடுவில் சாட்சியாகப் பெர்ட் ஹோல்கம். பெர்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டு, தலையைப் படிய வாரி, கோச்சைக் காப்பாற்றியே தீருவது என்ற முடிவோடு வந்திருந்தான். 

"மிஸ்டர் ஹோல்கம்" என்றார் டாக்டர் ட்வாம்ப்ளி. "கோச் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க ஐயா."

"என்ன சொன்னார்?"

"உதைன்னு சொன்னாருங்க. குட்டையா உதைன்னு. எல்லாம் கோச்சோட மூளைதாங்க. நாங்க வெறும் கை கால்."

டூகன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். "ரொம்ப நல்ல பையன். இந்த மாதிரி ஒரு பையன் எனக்குக் கிடைக்கலியே."

டாக்டர் ட்வாம்ப்ளி பேனாவை மையில் தோய்த்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்டால் டச்டவுன் போச்சு, ஆட்டம் போச்சு. ஸ்டிக்னி ஜன்னலைப் பார்த்தார். வெளியே நடைப்பயிற்சிக் கழகத்தினர் இரண்டிரண்டு பேராகப் புல்வெளியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

மூன்று நாள் மேதையாக இருந்தாயிற்று. நன்றாகத்தான் இருந்தது.

"அவன் சொல்றது தப்புங்க" என்றார் ஸ்டிக்னி.

"கோச்!" என்றான் பெர்ட்.

"நீ சும்மா இரு. நான் உதைன்னு சொல்லல. உதைக்காதேன்னு சொன்னேன். இவங்க உதைச்சாங்க. என் பேச்சை யாரும் கேட்கல. கேட்டிருந்தா ஜெயிச்சிருக்கவே மாட்டோம்."

"எழுதிக்கலாமா?" என்றார் டாக்டர் ட்வாம்ப்ளி.

"எழுதிக்குங்க." ஸ்டிக்னி மேஜை விளிம்பைப் பார்த்தார். "அஞ்சு வருஷமாவே என் பேச்சைக் கேட்டுத்தான் தோத்துட்டு இருந்தாங்க போல."

டூகன் காலை மடக்கி நேராக உட்கார்ந்தார். சிரிப்பு ஒரு அங்குலம் குறைந்திருந்தது. "அவர் என்ன சொன்னார்ங்கறது கேள்வியே இல்லீங்க ஐயா. பையன் காதுல என்ன விழுந்துச்சு? கூட்டத்துச் சத்தத்துல பாதிதான் விழுந்திருக்கு. உதைன்னு விழுந்துச்சு, உதைச்சான். அப்ப கோச் சொன்னதா நினைச்சுத்தானே ஆடியிருக்கான்?"

"ம்ம்" என்றார் டாக்டர் ட்வாம்ப்ளி. பல வருடமாக மாணவர்களுக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுத்து, ஒரு தடவையாவது இப்படி ஒரு கேள்வி வராதா என்று ஏங்கியவரின் முகம் அது. "சுவையான வாதம். மிஸ்டர் ஹோல்கம், யோசிச்சுச் சொல்லு. அந்த வார்த்தை உனக்குப் பாதி கேட்டுச்சா, முழுசா கேட்டுச்சா?"

பெர்ட் கோச்சைப் பார்த்தான். பிறகு கூரையை, பிறகு தன் பூட்ஸை.

"உண்மையச் சொல்லுடா" என்றார் ஸ்டிக்னி.

"கோச் மனசு கஷ்டப்படும்."

"பரவால்ல, சொல்லு."

"முழுசா கேட்டுச்சுங்க" என்றான் பெர்ட் மெல்ல. "அவர் குரல் பாதியா எப்படிங்க கேட்கும்? உதைக்காதேன்னு காது கிழியக் கேட்டுச்சு. நாங்க கூடிப் பேசினோம். கோச்சுக்குப் பதட்டத்துல கணக்கு மறந்துபோச்சு, பாவம், கோல் உதைச்சா நாலு புள்ளி, ஜெயிச்சுடலாம், அவர் சொன்னதைக் காதுல போட்டுக்க வேண்டாம்னு முடிவு பண்ணினோம். ஓலி மட்டும் கோச் சொன்னதைக் கேக்கலாமேன்னான். நீ வாயை மூடுன்னுட்டோம்."

டாக்டர் ட்வாம்ப்ளி பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு" என்றார் டூகன்.

"என்னங்க மூணு?"

"கோல் உதைக்கு மூணு புள்ளிதான்டா தம்பி. இந்த வருஷத்துலேர்ந்து."

பெர்ட் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "மூணா? நிஜமாவா? எங்களுக்கு யாருமே சொல்லலியே!"

மூன்று பேரும் சேர்ந்து ஸ்டிக்னியைப் பார்த்தார்கள். ஸ்டிக்னி நடைப்பயிற்சிக் கழகத்தைப் பார்த்தார்.

டாக்டர் ட்வாம்ப்ளி தீர்ப்பை எழுதி முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. எழுதும்போது இரண்டு தடவை நிறுத்தித் தனக்குத்தானே தலையாட்டினார். பிறகு உரக்க வாசித்தார். கோச் வாய் திறந்தது உண்மை. அதற்குரிய பதினைந்து கஜமும் வேலியும் அன்றே வழங்கப்பட்டுவிட்டன. கோச் சொன்னதை அணி தெளிவாகக் கேட்டு, கூடி ஆலோசித்து, ஏகமனதாக மீறியிருக்கிறது. ஓலி டாலெஃப்சன் மட்டும் விதிவிலக்கு. எனவே உ பிரிவு பொருந்தாது. டச்டவுன் செல்லும். ஏழு, ஐந்து.

"கோச் ஒரு தப்பு, பையன்கள் ஒரு தப்பு, உதை ஒரு தப்பு" என்றார் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு. "மூணும் சேர்ந்து ஒரு வெற்றி. என் தர்க்க வகுப்புல இதுக்கு இடமே இல்ல, மிஸ்டர் ஸ்டிக்னி. ஆனா ஜெயிச்சா இருக்கலாம்னு சொன்னேன், ஏன் ஜெயிச்சீங்கன்னு கேட்பேன்னு சொல்லல. இருங்க."

டூகன் எழுந்து ஸ்டிக்னியின் கையைக் குலுக்கினார். "பசங்க பேச்சு கேக்காம இருக்கறதுக்கு என்னய்யா பயிற்சி குடுக்கற? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு. என் பசங்க நான் சொன்னதை அப்படியே செய்யறானுங்க, ஒரு வளர்ச்சியும் இல்ல."

அவர் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். ஸ்டிக்னியும் பெர்ட்டும் படியிறங்கி மைதானத்துப் பக்கம் நடந்தார்கள். சேறு காய்ந்து, வியாழக்கிழமைக் கால்தடங்கள் எல்லாம் அப்படியே இறுகிக் கிடந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓலி படுத்த இடத்தில் ஓலியின் அளவுக்கு ஒரு பள்ளம்.

"கோச்" என்றான் பெர்ட், கொஞ்ச தூரம் போனதும். "மூணு புள்ளின்னு தெரிஞ்சிருந்தா நான் உதைச்சிருக்கவே மாட்டேன்."

"தெரியும்."

"அப்ப நீங்க சொன்னபடி ஆடியிருப்போம். டச்டவுன் போட்டிருந்தாலும் செல்லாம போயிருக்கும்."

"தெரியும்டா."

பெர்ட் இன்னும் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தான். "அடுத்த வருஷம் புது விதியெல்லாம் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?"

ஸ்டிக்னி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அந்தப் பள்ளத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பார்க்கலாம்" என்றார்.